உடைந்த வளையலில் எழுந்த ஊர்: தானே கற்ற கலைஞர்களும் அவர்கள் கட்டிய இடங்களும்

சண்டிகர் போய் வந்தவர்களின் போனில் ராக் கார்டன் படம் ஒன்றாவது இருக்கும். உடைந்த வளையல்களையே உடுப்பாகப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நிற்கும் பொம்மைகள், பீங்கான் சில்லு பதித்த சுவர்கள், குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் மூன்றில் ஒன்றை எழுதியிருப்பார்கள்: "குப்பையிலிருந்து கலை", "பிறவிக் கலைஞர்", "நாட்டுப்புறக் கலை".

மூன்றாவது தவறு. இரண்டாவது, அதைக் கட்டிய நேக் சந்த் என்ற மனிதரின் உழைப்பை மறைத்துவிடுகிறது. முதலாவது பொருளைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இப்படிப்பட்ட இடம் ஒன்றை இடிக்க ஆள் வரும்போது "குப்பைதானே" என்கிற அதே சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் கலைச்சூழல் எனப்படும் இப்படிப்பட்ட இடம் என்ன, எப்படி உருவாகிறது, ஏன் இவ்வளவு எளிதில் அழிகிறது என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கொலுவை நினைத்துக்கொள்ளுங்கள்

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டில் பொம்மைகள் தனித்தனியாகக் கடையில் வாங்கியவை. ஆனால் மேல்படியில் எது, கீழ்ப்படியில் எது, பக்கத்தில் மண்ணைக் கொட்டி கடுகு முளைக்க வைத்த வயல், கண்ணாடித் துண்டில் குளம், குளக்கரையில் செட்டியார் கடை என்று அமைப்பது அந்த வீட்டு அம்மாவின் கைவேலை. செட்டியார் பொம்மையை மட்டும் எடுத்து உங்கள் கையில் கொடுத்தால் அது கொலு ஆகாது. படிகள், பொம்மைகள், இடைவெளி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து நிற்கிற அந்த மூலைதான் கொலு.

கலைச்சூழல் என்பதும் அப்படித்தான். ஒருவர் தன் வீட்டையோ தோட்டத்தையோ கிடைத்த நிலத்தையோ பல ஆண்டுகளாகக் கையால் மாற்றிக்கொண்டே போய், அந்த இடம் முழுவதையும் ஒரே படைப்பாக ஆக்கினால் அதைக் கலைச்சூழல் என்கிறோம். சிலை உண்டு, சுவர் உண்டு, பாதை உண்டு. எதுவும் தனியாகப் படைப்பு இல்லை. நீங்கள் உள்ளே நடந்து போவதும் அதன் ஒரு பகுதி. ராக் கார்டனின் வாசல்கள் தாழ்வாக இருப்பது தற்செயல் அல்ல. யார் வந்தாலும் தலை குனிந்து நுழையட்டும் என்று நேக் சந்த் வேண்டுமென்றே வைத்தது. அந்த வாசலைப் படத்தில் பார்த்தால் வெறும் வாசல். முதுகை வளைத்து நுழையும்போதுதான் அவர் செய்தது என்னவென்று புரியும்.

நாட்டுப்புறக் கலை இல்லையா?

இல்லை. நம்மூர் ஐயனார் கோயில் மண்குதிரையைப் பாருங்கள். அதைச் செய்கிற வேளார், தன் அப்பாவிடம் கற்றார். அவர் தாத்தாவிடம் கற்றார். குதிரையின் கழுத்தில் மணி எங்கே வரவேண்டும், கால் எவ்வளவு தடிமன் இருந்தால் சூளையில் வெடிக்காது என்பதெல்லாம் தலைமுறை சேர்த்து வைத்த அறிவு. ஊர் கேட்கிறது, வேளார் செய்கிறார். ஊருக்கு அதன் அர்த்தமும் தெரியும். நாட்டுப்புறக் கலை என்றால் இதுதான்: ஒரு சமூகம் கைமாற்றிக் கொடுக்கும் முறை.

பிரான்சில் ஓத்ரீவ் என்ற கிராமத்துத் தபால்காரர் ஃபெர்டினான் ஷெவால் கட்டிய மாளிகையை யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்றை அந்த ஊரில் அதற்கு முன் யாரும் கட்டியதில்லை, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளும் கட்டவில்லை. மரபு என்று ஒன்று இருந்தால்தானே அடுத்தவருக்குக் கைமாறும்? இந்த இடங்கள் ஒரு மனிதரோடு தொடங்கி அவரோடு நின்றுவிடுகின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கலைச்சூழலில் இடம் முழுவதும்தான் படைப்பு, அதன் பின்னால் இருப்பது ஊர் மரபு அல்ல, ஒரு தனி மனிதரின் பல்லாண்டுப் பிடிவாதம்.

வேலையே பள்ளிக்கூடம்

தானே கற்ற கலைஞர் என்றால் கலைப் பள்ளியிலோ குருவிடமோ கலையைப் பயிலாதவர். அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். "எதுவும் கற்காதவர்" என்று அதை நீட்டிப் புரிந்துகொள்வதில்தான் பெரிய தவறு நடக்கிறது. இவர்களுடைய பிழைப்பு என்ன என்று பார்த்தாலே போதும், கை எங்கே பழகியது, பொருள் எங்கிருந்து வந்தது என்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நேக் சந்த் 1924இல் இன்றைய பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதியில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1947 பிரிவினையில் ஊரைவிட்டு வந்தவர். பிறகு சண்டிகரில் பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர் வேலை. அப்போது கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வரைந்த திட்டப்படி அந்த நகரம் எழுந்துகொண்டிருந்தது. அதற்காகப் பழைய கிராமங்கள் பல இடிக்கப்பட்டன. இடிபாடு எங்கே கொட்டப்படுகிறது, உடைந்த வாஷ்பேசினும் பீங்கான் ப்யூஸ் கட்டையும் தார் டிரம்மும் எங்கே குவிகின்றன என்பது சாலை ஆய்வாளருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கலவை போடுவதையும் சுவர் எழுப்புவதையும் தினமும் பார்க்கிற வேலை அது. 1950களின் கடைசியில், நகரத்தின் வடகோடியில் கட்டடம் கட்டக் கூடாது என்று ஒதுக்கிய காட்டுப் பகுதியில் ஒரு துண்டை வெட்டித் திருத்தினார். வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போவார். ஆற்றுப்படுகையிலிருந்து உருவம் போலத் தெரிந்த கற்களைக் கொண்டுவந்தார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை பார்த்தார். ஏறக்குறைய 18 ஆண்டுகள் இது அதிகாரிகள் கண்ணில் படவில்லை. கண்டுபிடித்தபோது அது சுமார் 12 ஏக்கர் பரப்பில் விரிந்திருந்தது.

அவருடைய விலங்குகளைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சில உடம்புகளுக்குள் சைக்கிள் இருப்பது தெரியும். ஃபிரேம்தான் உடல், ஃபோர்க் கால், சீட் தலை. சைக்கிள் சீட் ஒன்றைக் கையில் எடுத்து, மூக்குப் பக்கம் கீழே வருமாறு பிடித்துப் பாருங்கள். மாட்டு முகம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைக் குப்பைமேட்டில் ஆண்டுக்கணக்காக நடந்தவரின் கண்தான் பெற்றிருக்கும்.

ஷெவாலின் கதையும் அப்படித்தான். தினம் சுமார் 32 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுப்பவர். 1879இல் வழியில் ஒரு கல் தடுக்கியது. அதன் வடிவம் பிடித்துப்போய்ப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் சில கற்கள். சட்டைப்பை போதாமல் கூடை, கூடை போதாமல் தள்ளுவண்டி. நடை அவருக்குப் பிழைப்பு, அந்த நடையே கல் சேர்க்கும் வழியும் ஆனது. கடிதத்தோடு அவர் கையில் போன படம் போட்ட அஞ்சலட்டைகளும் பத்திரிகைகளும்தான் அவருடைய கலைப் புத்தகங்கள். மாளிகையின் ஒரு முகப்பில் சுவிஸ் மரவீடு, மத்தியகாலக் கோட்டை, கூடவே "இந்துக் கோயில்" என்று அவரே பெயர் எழுதிய ஒன்றும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கோயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. தபால் பையில் வந்ததைப் பார்த்திருக்கிறார். 33 ஆண்டுகள் கழித்து, 1912இல் மாளிகை முடிந்தபோது அதன் நீளம் 26 மீட்டர்.

லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் 1921 முதல் 1954 வரை கோபுரங்கள் எழுப்பிய சைமன் ரோடியா, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர், டைல்ஸ் வேலை தெரிந்த கட்டுமானத் தொழிலாளி. பிரான்சின் ஷார்த்ர் நகரில் வீட்டின் உள்ளும் புறமும், மேஜை நாற்காலி வரை உடைந்த பீங்கான் தட்டுகளால் மூடிய ரேமோன் இசிடோர், கல்லறைத் தோட்டத்தில் பெருக்கும் வேலை பார்த்தவர்.

இவர்களைப் பிறவிக் கலைஞர்கள் என்று சொல்லும்போது நடந்து தேய்ந்த அந்த 32 கிலோமீட்டரும் இரவில் கொளுத்திய டயரும் காணாமல் போய்விடுகின்றன. கை தேர்ந்த கைதான். அந்தக் கைக்கு எது கலை, எது கலை ஆகாது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் பீங்கான் ப்யூஸ் கட்டையைச் சுவரில் அடுக்கத் தயங்கவில்லை.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். "ஒருவர்" என்றால் எல்லாவற்றையும் ஒரே ஜோடிக் கை செய்தது என்று ஆகாது. தென்னாப்பிரிக்காவின் நியூ பெதஸ்டா என்ற சின்ன ஊரில் ஹெலன் மார்ட்டின்ஸ், ஆந்தை வீடு என்று இன்று அழைக்கப்படும் தன் வீட்டின் சுவர்களில் கண்ணாடியைப் பொடியாக அரைத்து ஒட்டினார். விளக்கேற்றினால் அறை முழுவதும் மினுங்கும். முற்றத்தில் நிற்கிற ஒட்டகங்களும் யாத்திரிகர்களும் ஆந்தைகளும் சிமெண்டில் செய்தவை. அவற்றில் பெரும்பகுதியை அவர் மனதில் கண்டபடி செய்து கொடுத்தவர் கூஸ் மால்கஸ் என்ற கூலித் தொழிலாளி. இந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கம்பி, வலை, கலவை, சில்லு

இனி, இவை எப்படி நிற்கின்றன என்று பார்ப்போம். இதற்கு நம் வீட்டைச் சுற்றிலுமே பாடம் இருக்கிறது.

சிமெண்டுக் கலவைக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து அமுக்கினால் எவ்வளவோ தாங்கும், இழுத்தாலோ வளைத்தாலோ விரிசல் விடும். வெறும் கலவையில் கையை நீட்டிய சிலை செய்தால் தோளிலேயே முறிந்து விழும். இரும்புக்கு இழுவையைத் தாங்கும் குணம். அதனால்தான் மேற்கூரை போடுமுன் கம்பி கட்டுகிறோம். சிலைக்கும் முதலில் கம்பியில் ஓர் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் கலவையை அப்புகிறார்கள்.

அந்தக் காலத்து மண்வீட்டில் மூங்கில் தட்டி கட்டி, இரண்டு பக்கமும் மண்ணை அப்புவார்களே, அதே சூத்திரம். மூங்கிலுக்குப் பதில் கம்பியும் நெருக்கமான கம்பிவலையும், மண்ணுக்குப் பதில் மணல் கலந்த சிமெண்டு. இப்படி வலையின் மேல் மெல்லிய பூச்சாகக் கலவையை ஏற்றி உருவாக்கும் ஓட்டுக்கு ஃபெரோசிமெண்ட் என்று பெயர். அங்குலக் கணக்கில்தான் தடிமன் இருக்கும், ஆனால் நன்றாகத் தாங்கும். பெரிய எந்திரம் வேண்டாம், அச்சு வேண்டாம். ஒரு மனிதர், ஒரு கரண்டி, ஒரு வாளி போதும். இந்த இடங்களில் பலவும் ஏதாவது ஒரு வகையில் கம்பியையும் கலவையையும் நம்பி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மேல்தோல்? நம் காம்பவுண்டுச் சுவரின் தலையில் கண்ணாடிச் சில்லு குத்தி வைத்திருப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஈரக் கலவையைப் பரப்பி, அது இறுகுமுன் பாட்டில் துண்டை அழுத்திவிடுவார் கொத்தனார். இறுகியபின் பிடுங்க முடியாது. திருடன் ஏறாமல் இருக்கச் செய்கிற அதே வேலையை, கூர்முனை வெளியே தெரியாமல் தட்டையாகப் பதித்தால் மொசைக். மொட்டைமாடியில் வெயிலுக்காக உடைந்த வெள்ளை டைல்ஸ் பதிப்பதும் அதுதான். நேக் சந்தின் வளையல், இசிடோரின் தட்டு, ரோடியாவின் பச்சை பாட்டில் எல்லாம் இந்தச் சூத்திரத்தில் நிற்கின்றன. சில்லு அழகுக்கு மட்டுமல்ல. பீங்கானிலும் கண்ணாடியிலும் தண்ணீர் இறங்காது, அதனால் அடியிலிருக்கும் பூச்சுக்கும் ஓரளவு காப்பு.

ரோடியா கம்பியை வளைத்தது எப்படி தெரியுமா? வீட்டுப் பக்கத்தில் ஓடிய ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு முனையைச் சொருகி, மறுமுனையைத் தன் உடல் எடையால் அழுத்தி வளைத்தார். இணைப்புகளில் வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை. கம்பியை வலையாலும் கட்டுக்கம்பியாலும் சுற்றிக் கலவை பூசினார். சாரம் கட்டவில்லை. ஜன்னல் துடைப்பவர்கள் போட்டுக்கொள்ளும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தான் கட்டிய வளையங்களிலேயே கால் வைத்து ஏறினார். மிக உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 30 மீட்டர்.

வரைபடம் இல்லை, அனுமதி இல்லை, பொறியாளர் இல்லை. ஆகவே ஆபத்தானது, இடிக்க வேண்டும் என்றது நகர நிர்வாகம். காப்பாற்ற ஒரு குழு சேர்ந்தது. 1959 அக்டோபரில் கோபுரத்தைக் கேபிளால் கட்டிப் பக்கவாட்டில் இழுத்துச் சோதித்தார்கள். 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ விசை. கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை, இழுத்த இரும்புச் சட்டம்தான் வளையத் தொடங்கியது. சோதனை நிறுத்தப்பட்டது, கோபுரங்கள் பிழைத்தன. 1990இல் அவை தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயின. அதற்கெல்லாம் முன்னதாகவே, 1955 வாக்கில், ரோடியா மனையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

சுருக்கமாக: எலும்புக்குக் கம்பி, சதைக்குக் கலவை, தோலுக்குச் சில்லு. மூன்றும் கட்டட வேலைக்காரருக்குத் தெரிந்தவை. புதிதாக இருந்தது அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான்.

"கிறுக்கு" என்ற பேச்சு

இவர்களைப் பற்றிய பேச்சில் மனநோய் என்ற சொல் அடிக்கடி நுழைகிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1945இல் பிரெஞ்சு ஓவியர் ழான் துபூஃபே, கலை உலகத்துக்கு வெளியே உருவாகும் படைப்புகளுக்கு "ஆர் ப்ரூ" என்று பெயரிட்டார். பக்குவப்படுத்தாத, பச்சையான கலை என்று பொருள். அவர் சேகரித்தவற்றில் மனநல மருத்துவமனை நோயாளிகள் செய்தவை நிறைய இருந்தன. 1972இல் கலை ஆய்வாளர் ரோஜர் கார்டினல் இதே பொருளில் "அவுட்சைடர் ஆர்ட்" என்ற ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்தார். அந்தச் சொல்லின் கீழ் தபால்காரரையும் சாலை ஆய்வாளரையும் சேர்த்துப் போட்டபோது, எல்லோருக்கும் ஒரே முத்திரை விழுந்தது.

இசிடோருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த "பிக்காசியெத்" என்ற பெயரைப் பாருங்கள். பிக்காசோவின் பெயரையும், ஓசிச்சோற்றுக்காரன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லையும் கோத்த கேலி அது. இன்று அந்த வீடு அதே பெயரில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.

சிலருக்கு நோய் இருந்திருக்கலாம், பலருக்கு இல்லை. ஷெவால் தன் பணியிலிருந்து முறையாக ஓய்வு பெற்றவர். நேக் சந்த் அரசு வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே இரவில் கட்டியவர். 18 ஆண்டுகள் இரகசியத்தைக் காத்து, இரண்டு வாழ்க்கையையும் சிந்தாமல் நடத்துவதற்கு மிகத் தெளிவான புத்தி வேண்டும்.

சட்டமும் புல்டோசரும்

நேக் சந்த் செய்தது சட்டப்படி ஆக்கிரமிப்பு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1970களின் நடுவில் விஷயம் வெளியே வந்தபோது இடித்திருக்கலாம். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். நிர்வாகம் 1976இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து, அவரையே அதற்குப் பொறுப்பாளராக்கி, சம்பளமும் 50 தொழிலாளர்களையும் கொடுத்தது. 1984இல் பத்மஸ்ரீ. இவ்வளவுக்குப் பிறகும் ஒருமுறை சாலைக்காகப் புல்டோசர் வந்தது. நகரத்து மக்கள் கைகோத்து மறித்து நின்று திருப்பி அனுப்பினார்கள். 1996இல் அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது சிலைகள் பல உடைக்கப்பட்டன. 2015 ஜூனில் அவர் இறந்தார். 2025இல் உயர் நீதிமன்றப் பக்கம் சாலைக்கும் வாகன நிறுத்தத்துக்குமாக ராக் கார்டனின் மதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

"சிலை எதையும் தொடவில்லையே, மதில்தானே" என்று சொல்பவர்களுக்கு மறுபடியும் கொலுவைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இடம்தான் படைப்பு என்றால் மதிலும் படைப்புதான்.

ஒரு உதாரணம் இருக்கிறது. 1980களில் வாஷிங்டனில் குழந்தைகள் அருங்காட்சியகம் ஒன்றில் நேக் சந்த் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார். 2004இல் அருங்காட்சியகம் அந்தக் கட்டடத்தைவிட்டுப் போனபோது தோட்டம் கலைந்தது, பொம்மைகள் ஆளுக்கொரு திசையாகப் போயின. பொம்மைகள் இன்றும் எங்கெங்கோ நன்றாகவே இருக்கின்றன. தோட்டம்தான் இல்லை.

துரு

புல்டோசரைவிட அமைதியான எதிரி ஒன்று உண்டு. பழைய வீட்டின் கூரையில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நோய்தான் இங்கும். புதுச் சிமெண்டு காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுகள் போகப் போக அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். பிறகு ஈரம் போய்ச் சேர்ந்தால் துரு பிடிக்கும். துருவாகிற இரும்பு பருக்கும். பருத்த இரும்பு உள்ளிருந்து நெம்ப, பூச்சு பிளக்கும். பிளவில் மழைநீர் இறங்கும்.

வீட்டுக் கூரைக்குக் கம்பி கட்டும்போது அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைத்து, கம்பியின்மேல் போதிய கலவை இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். இந்தச் சிலைகளில் பூச்சு மெல்லியது, கம்பி மேல்தோலுக்கு மிக அருகில். போதாததற்குக் கோபுரங்கள் வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகின்றன. ஆகவே பராமரிப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல, ஆண்டுதோறும் விரிசல் தேடி அடைக்கிற வேலை. கட்டியவர் உயிரோடு இருந்தவரை, கரண்டியும் கையுமாகச் சுற்றிவரும்போது அவரே போகிற போக்கில் செய்த வேலை.

அவர் போனபின் யார் செய்வது? வாட்ஸ் கோபுரங்களுக்குப் பொறியாளர்களும் பராமரிப்பு நிபுணர்களும் இருக்கிறார்கள். ஷெவாலின் மாளிகை 1969இலேயே பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னம் ஆகிவிட்டது. ஆந்தை வீட்டுக்கு வேறொரு வழி கிடைத்தது. ஹெலன் மார்ட்டின்ஸ் 1976இல் இறந்தார். கண்ணாடிப் பொடி அதற்குள் அவர் கண்களைக் கெடுத்திருந்தது. வீடு பல ஆண்டுகள் பாழாகக் கிடந்தது. பின்னர் அதைக் காப்பாற்ற முன்வந்தவர்கள் 1990களில் கூஸ் மால்கஸைத் தேடி அழைத்துவந்தார்கள். எந்த ஒட்டகத்துக்குள் எந்தக் கம்பி எப்படி வளைந்து போகிறது, கலவையில் என்ன கலந்தது என்பது அவர் கைக்குத் தெரியும். தான் செய்த சிலைகளைத் தானே சீராக்கத் தொடங்கினார்.